கிழட்டு வண்டியின் தர்ம யாத்திரை

எங்கள் வீட்டு முற்றத்திலே, வேப்பமர நிழலில், ஒரு மோட்டார் வண்டி நிற்கிறது. 'ஒஸ்ரின் ஏ40 சமர்செற்' என்பது அதன் முழுப் பெயர். இங்கிலாந்திலே 1952ஆம் ஆண்டு தொடக்கம் 1954ஆம் ஆண்டு வரையிற் செய்யப்பட்ட இனத்தைச் சேர்ந்தது. என்னைவிட வயதில் மூத்தது. ஆதலால், அதனை 'அது' என்று அஃறிணையிற் சுட்டும்போதெல்லாம் என் மனத்திலே ஒரு சிறு கூச்சம் உண்டாவதுண்டு. திரும்ப வேண்டிய பக்கத்தைக் காட்டுவதற்கு இக்கால வண்டிகளில் உள்ளதுபோல மின்னி எரியும் விளக்கு அதனிடம் இல்லை. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே உள்ள தூணிலிருந்து ஒரு சிறு கை மேலெழுந்து, "இந்தப் பக்கம் போகிறேன், ஐயா" என்று பணிவோடு சொல்லும். சில வேளைகளில், எழுந்த கை மடங்க மறுத்துவிடும். அப்போது நான் இறங்கிச் சென்று, தட்டிக்கொடுத்து மடக்கிவிடுவேன்.

இந்த வண்டிக்கு ஒரு நாள் நல்ல விலை வந்தது. பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கும் செல்வர் ஒருவர் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தவர், தெருவிலே நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து கேட்டார். அவர் சொன்ன தொகை, கணித ஆசிரியனாகிய எனக்கே இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியதாக இருந்தது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். அந்த யோசனை முடிவதற்குள், அதே வாரத்தில், என்னிடம் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் வீட்டுக்கு வந்தனர். 2023ஆம் ஆண்டில் நடந்தது இது.

"சேர், உங்கட காரை ஒரு நாளைக்குத் தருவீங்களோ?" என்று தொடங்கினான் ஒருவன்.

அவர்களுடைய திட்டம் இது: நாட்டிலே ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின் பின் கொப்பிகளின் விலை மிகவும் ஏறிவிட்டது. கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றிலே, ஒரே கொப்பியில் நான்கு பாடங்களை எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நிதி திரட்ட வேண்டும். எப்படி? எங்கள் கிழட்டு வண்டி காங்கேசன்துறையிலிருந்து கொப்பிகளை ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடம் வரை சென்று மீளும். வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பத்து ரூபாய் வீதம் அன்பர்கள் தருவார்கள். வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்களாம்.

நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். போக 85 கிலோமீற்றர், வர 85, ஆக 170. என் வண்டி ஒரு லீற்றர் பெற்றோலுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடாது. பதினேழு லீற்றருக்கு அன்றைய விலையில் ஏறத்தாழ 6,000 ரூபாய். ஒரு கொப்பி 150 ரூபாய் என்றால், அந்தப் பணத்துக்கு நாற்பது கொப்பிகள். "இந்த வண்டியை ஓட்டாமல் விடுவதே நாற்பது கொப்பித் தர்மம். நான் அந்த 6,000 ரூபாயைக் கையிலே தந்துவிடுகிறேன். பொதியைப் பேருந்தில் ஏற்றி அனுப்புங்கள்" என்றேன். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழியையும் சேர்த்துச் சொன்னேன். மாணவர்கள் வாடிய முகத்தோடு எழுந்தனர். போகும்போது ஒருவன், "இதைப் பற்றிக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்கோ, சேர்" என்று சில தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மாணவன் ஆசிரியனுக்கு வீட்டுவேலை கொடுத்த அந்த நாளை நான் மறக்கமாட்டேன்.

வாசித்தேன். சுவையான செய்திகளாகவே இருந்தன. 1978ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே பாரிசிலிருந்து புறப்பட்டு, சகாராப் பாலைவனத்தைக் கடந்து, செனகல் நாட்டின் டாக்கார் நகரை அடையும் மோட்டார் ஓட்டப்பந்தயம் ஒன்று தொடங்கியது. பின்னாளில் பெரும் பொருட்செலவும் பெரும் புகழும் கொண்ட பந்தயமாக அது வளர்ந்தது. அதனைக் கேலி செய்வதுபோல, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே, இங்கிலாந்தின் பிளைமவுத் நகரிலிருந்து வேறொரு பயணம் புறப்பட்டது. அதற்கு அந்நாளிலே விதி ஒன்று இருந்தது: வண்டியின் விலை 100 பவுணுக்கு மேற்படலாகாது. பழைய இரும்புக்குப் போக வேண்டிய வண்டிகளிலே ஏறிக்கொண்டு, பிரான்சு, ஸ்பெயின், மொறோக்கோ, மொரிற்றேனியா, செனகல் எனப் பல நாடுகளைக் கடந்து, ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள காம்பியாவின் தலைநகர் பஞ்சூலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வண்டிகள் ஏலத்தில் விற்கப்பட்டுப் பணம் தருமத்துக்குக் கொடுக்கப்பட்டது. வந்தவர்கள் விமானத்தில் வீடு திரும்பினார்கள்.

பிரெஞ்சு மாணவர்கள் செய்வது இன்னும் என் மனத்துக்கு உகந்தது. 1997ஆம் ஆண்டு தோன்றிய அவர்களுடைய பயணத்துக்கு 'றெனோ 4' என்ற ஒரே வகை வண்டிதான் உரியது. 1961ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த, குடியானவர்களும் தபாற்காரர்களும் ஓட்டிய எளிய வண்டி அது. அதிலே பள்ளிக்கூடப் பொருள்களை நிரப்பிக்கொண்டு மாணவர்கள் இருவர் இருவராக மொறோக்கோவின் பாலை நிலப் பிள்ளைகளை நோக்கிச் செல்கிறார்கள். சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கூடியதுண்டு.

இங்கிலாந்திலிருந்து மொங்கோலியாவை நோக்கி 2004ஆம் ஆண்டு தொடங்கிய பயணமோ ஏறத்தாழ 10,000 மைல்! முதல் ஆண்டில் ஆறு வண்டிகள் புறப்பட்டு, நான்கு மட்டுமே போய்ச் சேர்ந்தன. சிறிய இயந்திரம் உள்ள வண்டியே கொண்டுவர வேண்டும், உதவி வண்டி எதுவும் பின்தொடராது, ஒவ்வொரு குழுவும் தருமத்துக்கென்று குறைந்தது 1,000 பவுண் திரட்ட வேண்டும் என்பன அதன் விதிகளாக இருந்தன. அதனை நடத்தியவர்களே 2006ஆம் ஆண்டில், இந்தியாவின் நெடுந்தெருக்களில் ஓட்டோ என்னும் முச்சக்கர வண்டிகளை ஓட்டும் பயணத்தையும் தொடங்கினார்கள். அதே ஆண்டில், சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை வெளிநாட்டார் ஓட்டோ ஓட்டிச் சென்ற மற்றொரு பயணமும் நடந்தது. நம்முடைய தீவிலும் முச்சக்கர வண்டிகளிலே இத்தகைய பயணங்கள் நடந்திருக்கின்றன.

வாசித்து முடித்தபோது என் கணித மூளை முன்னிலும் பலமாகத் தலையை ஆட்டியது. இத்தனை பெற்றோலையும் விமானச் சீட்டையும் காசாக்கிக் கொடுத்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் படிப்பார்கள்? பழைய வண்டிகளை ஏழை நாடுகளிலே கொண்டுபோய்க் குவிப்பதும் ஒரு தருமமா? இளைஞர்கள் தம் ஆசைக்கு ஊர் சுற்றிவிட்டு, அதற்கு ஏழையின் பெயரைச் சூட்டிக்கொள்கிறார்களோ? இந்தக் கேள்விகள் தவறானவை என்று இன்றும் நான் சொல்லவில்லை. செலவு வரவை விஞ்சுமானால் அது தருமமன்று, உல்லாசப் பயணமே.

ஆயினும், ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் நல்ல வண்டியில் அல்லவா போக வேண்டும்? வழியிலே படுத்துவிடக்கூடிய வண்டியை வேண்டுமென்றே தேடிப் பிடிப்பானேன்? இந்தக் கேள்விக்கு விடை அந்தத் தாள்களில் இல்லை. அது என் வீட்டு அலுமாரியிலே இருந்தது.

விலை பேச வந்த செல்வருக்கு வண்டியின் பத்திரங்களைக் காட்டுவதற்காக, அன்றிரவு அப்பாவின் அலுமாரியைத் திறந்தேன். அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். கணக்கு அவருக்குத் தொழில் மட்டுமன்று, ஒழுக்கமும் ஆகும். வண்டிக்கென்று ஒரு நீலக் கொப்பி வைத்திருந்தார். எண்ணெய் மாற்றிய நாள், ரயர் வாங்கிய விலை, யாரிடம் என்ன கடன் வாங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடனைத் தீர்த்ததும் சிவப்பு மையினால் ஒரு கோடு இழுத்துவிடுவார். பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடுகள். ஒரே ஒரு வரியில் மட்டும் கோடு இல்லை.

'30.10.1995. நாவற்குழி. பெற்றோல், மருந்துப் போத்தல் ஒன்று. பெயர் தெரியாது.'

அந்த வரியைக் கண்டதும் நாற்பதைத் தாண்டிய நான் மீண்டும் பதினைந்து வயதுப் பையனானேன்.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது பின்னோக்கிச் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நாங்கள் காங்கேசன்துறையை விட்டு வெளியேறினோம். சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, யாழ்தேவி நின்றது, பெற்றோலும் வராமல் நின்றது. கொக்குவிலில் உறவினர் வீட்டிலே தங்கியிருந்த அந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைக் கேட்டு இன்றைய மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகையால், முதலிற் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்ப வேண்டும். சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடும். புகை கண்ணைக் கரிக்கும். பிளக்குகளிலே கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயைத் தண்ணீராக்கும். புது வண்டிகள் இந்தக் கொடுமையைத் தாங்கமாட்டா. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் போன்ற கிழட்டு வண்டிகளின் இயந்திரங்களிலே எரிபொருளை அமுக்கும் அழுத்தம் குறைவு. அதனால் அவை முனகிக்கொண்டாவது ஓடின. நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய்மாரையும் ஆசுபத்திரிக்குச் சுமந்தவை அவைதாம். உலகம் ஒதுக்கிவிட்ட வண்டிகளே அன்று எங்களுக்கு உயிர் காத்தன.

பெற்றோல் அந்நாளிலே தீர்த்தம் போன்றது. வண்டி வைத்திருந்தவர்கள் சிறு போத்தலில் அதனைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி வெளியேறினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் வண்டியின் பின்னாசனத்திலே நடக்க முடியாத எங்கள் ஆச்சி. அவர் மடியிலே அயல்வீட்டுக் குழந்தை. நானும் அம்மாவும் பக்கத்திலே நடந்தோம். சனத்திரளில் வண்டி நத்தையிலும் மெதுவாக ஊர்ந்தது. நிற்கும், குளிரும், மீண்டும் எழுப்பப் பெற்றோல் துளி வேண்டும். நாவற்குழிப் பாலத்தை அண்மியபோது எங்கள் போத்தல் வெறுமையாயிற்று. அப்பா முன்னாலே கம்பியைச் செருகிச் சுழற்றிச் சுழற்றிக் களைத்தார். வண்டி அசையவில்லை. பின்னாலே நின்றவர்கள் கோபிக்கவில்லை. எல்லாரும் பேசும் சக்தியையே இழந்திருந்தார்கள்.

அப்போது, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். சைக்கிளின் மேலே மூட்டைகள். பக்கத்திலே மனைவியும் ஒரு சிறுமியும். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். அரைவாசிக்குப் பெற்றோல் இருந்தது. "உங்களுக்கு வேணுமே" என்றார் அப்பா. "நான் தள்ளிக்கொண்டு போவன். ஆச்சியைத் தள்ளேலாதே" என்றார் அவர்.

வண்டி எழுந்தது. அப்பா திரும்பிப் பார்த்தபோது, அவரும் அந்தச் சிறுமியும் மழையிலும் மனிதர் வெள்ளத்திலும் மறைந்துவிட்டனர்.

அடுத்த ஆண்டு வலிகாமத்துக்குத் திரும்பியபின், அப்பா பல இடங்களில் விசாரித்தார். பெயர் தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது? கண்ணை மூடும் வரையில் அந்த வரிக்குச் சிவப்புக் கோடு போட அவருக்கு வாய்க்கவில்லை. 'தனக்கு மிஞ்சித் தானம்' என்பார்கள். அந்த மனிதரிடம் மிஞ்சியிருந்தது எதுவுமில்லை. இருந்த ஒன்றையே தந்துவிட்டுப் போனார்.

அந்த நீலக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். விளங்காத கேள்விக்கு விடை மெல்ல விளங்கலாயிற்று. நல்ல வண்டியிற் செல்பவன் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு செல்கிறான். அவன் கொடுக்கப் போகிறவன். வழியில் உள்ளவர்களிடம் அவனுக்கு அலுவல் இல்லை. பழுதாகும் வண்டியில் செல்பவனோ இறங்க வேண்டும். "ஐயா, கொஞ்சம் தண்ணீர்" என்று கேட்க வேண்டும். முன்பின் அறியாதவன் கையை நம்ப வேண்டும். கொடுக்கப் போகிறவன் வழியிலே வாங்கப் பழகுகிறான். வாங்கி அறியாதவன் கொடுக்கும்போது அவன் கை மேலே நிற்கிறது. வாங்கி அறிந்தவனுடைய கைக்கு அந்த உயரம் இல்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், ஊரூராகக் கிடைத்த சோற்றை உண்டே சென்றார்கள், இன்றும் செல்கிறார்கள். வழிப்போக்கருக்கென்று சுமைதாங்கிக் கல்லை நட்டதும், தண்ணீர்ப் பந்தல் வைத்ததும், பருத்தித்துறையிலே தெருவின் குறுக்கே தெருமூடி மடத்தைக் கட்டியதும் எதற்காக? தெருவிலே நிற்பவன் எவனாயினும் அவன் வாங்கத் தகுந்தவன் என்பதற்காகத்தானே?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, தீவின் தென்முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறைக்கு, 'ட்ரெயில்' என்ற பெயரிலே ஒரு நெடுநடை நடந்தது. 27 நாட்கள், 670 கிலோமீற்றர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகப் பலர் கூடி நடந்து திரட்டிய பணத்திலே, எங்கள் ஊருக்கு அடுத்த தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அதே கணக்கை அங்கேயும் போட்டிருக்கலாம்: நடக்காமலே பணத்தை அனுப்பியிருக்கலாமே! ஆனால், வடக்கே ஒரு மருத்துவமனைக்காகத் தெற்கேயுள்ள ஒருவன் வெயிலிலே நடந்து வருகிறான் என்பதைக் கண்ணாற் கண்டபோதுதான் பலருடைய கை மடியை அவிழ்த்தது. 2016ஆம் ஆண்டு அந்த நடை திசை மாறியது. பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே சென்றது. காலியிலுள்ள கராப்பிட்டிய மருத்துவமனையிற் புற்றுநோயாளர்களுக்கான பிரிவை அமைப்பதற்காக. முன்னே வாங்கிய வடக்கிலிருந்து, பின்னே கொடுக்கும் பயணம் புறப்பட்டது.

மறுநாட் காலை மாணவர்களை அழைத்து, "வண்டி வரும். ஆனால், பெற்றோற் செலவு என்னுடையது, கொப்பிக்காசில் ஒரு சதமும் தொடக்கூடாது" என்றேன்.

அவர்கள் ஊரிலே இறங்கினார்கள். அங்கேதான் என் கணக்கு முற்றாகத் தோற்றது. 'ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி' என்று கேட்டால் ஐம்பது ரூபாயை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள், 'ஏ40 கிளிநொச்சிக்குப் போகிறது' என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்கள். ஒருவருடைய கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் அதே இனந்தான். இன்னொருவர் பிறந்ததே மண்ணெண்ணெய்ப் புகைக்குள், அப்படியொரு வண்டியின் பின்னாசனத்திலே. சந்தையடிக் கடைக்காரர் ஒருவர் பணத்தையும் கொடுத்து, "ஆனையிறவைத் தாண்டாது. தாண்டித் திரும்பி வந்தால் இன்னொரு பங்கு தருவன்" என்று பந்தயமும் கட்டினார். அறுபத்திரண்டு பேர் கொடுத்தார்கள். ஒருவருக்கு 1,700 ரூபாய் வீதம் 105,400 ரூபாய். எழுநூற்றிரண்டு கொப்பிகள் வாங்கி, நூறு ரூபாய் மிஞ்சியது. நான் மிச்சம் பிடிக்க நினைத்தவை நாற்பது!

ஊர் மெக்கானிக் ஒருவர், வயதிலே பெரியவர், வண்டியைப் பார்த்தார். பிளக்குகளைத் துடைத்தார், காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார். றேடியேற்றரின் மேற்குழாயை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், இது தாங்காது. மாத்துங்கோ" என்றார். "ஒரு நாட் பயணந்தானே" என்றேன். கணித ஆசிரியர்கள் சிக்கனம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் பிழையான இடமாகவே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். நானும் இரு மாணவர்களும், எங்களுக்கு இடமில்லாதபடி கொப்பிகளும். யாழ்ப்பாணம் தாண்டி, நாவற்குழிப் பாலத்திலே வண்டியை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று பையன்கள் கேட்டார்கள். அந்தக் கதையைச் சொன்னேன். அதன்பின் சாவகச்சேரி வரையில் அவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை.

இயக்கச்சியைக் கடந்து, ஆனையிறவுக்குச் சற்று முன்னே, மெக்கானிக்கின் வாக்கு பலித்தது. குழாய் வெடித்து, வெந்நீர் ஆவியாகப் பறந்தது. வெயில் ஏறிவிட்டது. அருகிலே வீடு இல்லை. புதிய வண்டிகள் பல எங்களைக் கடந்து விரைந்தன. கடைசியில், தெற்கே திரும்பிச் செல்லும் ஒரு லொறி நின்றது. சாரதி இறங்கி வந்தார். சிங்களம் மட்டும் பேசுபவர். எனக்குத் தெரிந்த சிங்களமோ விலை கேட்கும் அளவிலானது. ஆனால், வெடித்த குழாய்க்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அவர் தம் லொறியிலிருந்து ஒரு பழைய சைக்கிள் ரியூப்பை எடுத்து, நீளமாக வெட்டி, குழாயின்மேல் இறுக்கி இறுக்கிச் சுற்றிக் கட்டினார். இரண்டு பெரிய போத்தல் தண்ணீரை ஊற்றினார். மூடியை இறுக்க வேண்டாம், அழுத்தம் ஏறக்கூடாது, மெதுவாகப் போங்கள் என்று கையாலேயே விளங்க வைத்தார். வண்டியின் முன்பக்கத்தைத் தடவி, தம் ஊரிலும் இப்படி ஒன்று இருந்தது என்றார். பணம் கொடுக்கப் போன என் கையை மடக்கிவிட்டார்.

அவர் ஏறப் போகும் தறுவாயில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடிப்போய் அவருடைய பெயரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார், ஊரையும் சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் போகாமற் காத்திருந்தார்கள். கொப்பிகளை ஒழுங்காக வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆனால், உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர்களுடைய கண் கொப்பியில் இல்லை, வண்டியின் கையிலேயே இருந்தது! அது எழும்பும் ஒவ்வொரு தரமும் ஆரவாரம். வழக்கம்போல அது மடங்க மறுத்தது. ஒரு சின்னப் பெண் முன்னே வந்து, பசுக்கன்றைத் தடவுவதுபோல அதனைத் தட்டிக்கொடுத்தாள். மடங்கிவிட்டது. அதிபர் எங்களுக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தார். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் சமைத்தது. மறுக்கத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, வயிறார உண்டேன்.

அந்திக்கு மேல் காங்கேசன்துறைக்குத் திரும்பினோம். சைக்கிள் ரியூப் கடைசிவரை தாங்கியது. சந்தையடிக் கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் 1,700 ரூபாயை எண்ணித் தந்தார். முன்னே மிஞ்சிய நூறு ரூபாயோடு சேர்த்தால் 1,800. சரியாகப் பன்னிரண்டு கொப்பிகள், மீதி இல்லை. கணித ஆசிரியனுக்கு இதைவிட இன்பம் வேறென்ன வேண்டும்!

கொழும்புச் செல்வருக்கு மரியாதையாகக் கடிதம் எழுதி, வண்டி விற்பனைக்கு இல்லை என்று அறிவித்துவிட்டேன்.

அன்றிரவு அப்பாவின் நீலக் கொப்பியை எடுத்தேன். சிவப்புப் பேனையையும் எடுத்தேன். 1995ஆம் ஆண்டின் அந்த வரிக்குக் கோடு போடலாமா என்று நெடுநேரம் எண்ணினேன். மனம் வரவில்லை. அந்த மனிதருக்கு நான் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் தந்ததை வேறொரு பக்கம் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான். அந்தக் கடன் தீராமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றியது. தீர்ந்துவிட்டால் வண்டி முற்றத்திலேயே நின்றுவிடும்.

பேனையை மாற்றி, நீல மையினால் அதன் கீழே இன்னொரு வரி எழுதினேன்: நாள், ஆனையிறவு, சைக்கிள் ரியூப் ஒன்று, தண்ணீர் இரண்டு போத்தல். பெயர் தெரியும்.